பிழை சொல்லிவிட்டு வராது

பிராசசரைத் தயாரிப்பாளர் விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். கேம் விளையாடுகிறவருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. திரை உறைந்தால் மறுபடி ஆன் செய்துகொள்வார். வாரக்கணக்கில் ஓடும் கணக்குக்கு இது சரிப்படுமா? இதை எடைபோட, ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய ஜிம்ப்ஸ் திட்டம் நல்ல களம். தன்னார்வலர்களின் கம்ப்யூட்டர்களைக் கொண்டு மெர்சென் பகா எண்களைத் தேடும் திட்டம் அது. ஓவர்கிளாக் செய்பவர்கள் பலர் தங்கள் இயந்திரத்தைச் சோதிப்பதும் அதன் பிரைம்95 மென்பொருளை வைத்துத்தான்.

முதலில் சாதகமான கணக்கைப் பார்ப்போம். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க 30 நாள் பிடிக்கும் சோதனை, பத்து சதவீதம் கூடுதல் வேகத்தில் சுமார் 27 நாளில் முடியும். பதினொன்றில் ஒரு சோதனை பாழானாலும், கைக்கு வரும் சரியான முடிவுகள் பழைய அளவுக்குக் குறையாது. ஆக, சில பிழைகளைப் பொறுத்துக்கொள்வது லாபம் என்றே தோன்றும். ஆனால் பாழானது எது என்று தெரிந்தால்தான் இந்த லாபம் நிற்கும். அது தெரிவதில்லை. மெர்சென் எண்களுக்கான லூக்கா–லெமர் சோதனையில் 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்து, மீதியையே மறுபடி வர்க்கப்படுத்த வேண்டும்; இப்படிக் கோடிக்கணக்கான தடவை. முடிவில் பூஜ்யம் வந்தால் பகா எண். சூடேறிய சிப்பில் ஒரு சமிக்ஞை சற்றே தாமதித்து, நடுவில் ஒரு பிட் புரண்டால், அதன் பின் வருவதெல்லாம் குப்பை. ஆனால் கம்ப்யூட்டர் நிற்காது; பகா எண்ணைக்கூட 'இல்லை' என்று பதிந்துவிடும். பல ஆண்டு கழித்து இன்னொரு கம்ப்யூட்டர் அதே எண்ணைச் சோதித்து, இரண்டின் கடைசி 64 பிட்டும் பொருந்தாதபோதுதான் குட்டு உடையும். பிறகு மூன்றாவது கம்ப்யூட்டரும் உழைக்க வேண்டும். ஒருவர் மிச்சம் பிடித்த மூன்று நாளுக்கு இன்னொருவரின் ஒரு மாதம் போகிறது.

ஒரு நாள் முழுக்கச் சோதித்தும் பிழை வரவில்லையே என்பார்கள். சராசரியாகப் பத்து நாளுக்கு ஒருமுறை தவறும் பிராசசர், ஒரு நாள் சோதனையில் பத்துக்கு ஒன்பது முறை தேறிவிடும்; 27 நாள் கணக்கிலோ பெரும்பாலும் கோட்டைவிடும். வேகத்தைக் கூட்டாத சிப்பும் தவறு செய்கிறதே என்ற வாதம் இதைவிட வலுவானது. சில ஆயிரம் இயந்திரங்களுக்கு ஒருசில பிராசசர் கோர்கள் ஓசையின்றித் தவறாகக் கணக்கிடுவதை கூகுள் பொறியாளர்களே 2021இல் எழுதினார்கள். அதனால் ஓவர்கிளாக்கிங் குற்றமற்றது ஆகிவிடாது. தயாரிப்பாளரின் வேகத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதே அதிலிருந்து தெரிவது.

நம்பிக்கையைத் தர வேண்டியது சரிபார்ப்பு. 2017இல் ராபர்ட் கெர்பிட்ஸ் கண்ட முறை அதைத்தான் செய்தது. அடுத்தடுத்து வர்க்கப்படுத்தும் இன்னொரு வகைச் சோதனையில், இடைமுடிவுகள் சிலவற்றைப் பெருக்கி வைத்து, அவ்வப்போது இரு வழியில் ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால், கடைசியாகச் சரிபார்த்த இடத்துக்குத் திரும்பிப் போகும். இதற்கு ஆகும் கூடுதல் வேலை ஒரு சதவீதம்கூட இல்லை. பதினொன்றில் ஒன்று என்ற பழைய லாபக் கணக்கு இங்கேதான் நியாயமாகிறது: பிழை நேர்ந்தால் தெரிகிறது, இழப்பு சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அப்படியும் 2024 அக்டோபரில் 4,10,24,320 இலக்கப் பகா எண் கிடைத்தபோது, வேறு இயந்திரங்களில் லூக்கா–லெமர் சோதனையை ஓட்டிப் பார்த்த பிறகே அறிவித்தார்கள்.

எல்லாக் கணக்குக்கும் இப்படியொரு சரிபார்ப்பு வாய்க்காது. காலநிலை மாதிரியில் புரண்ட ஒரு பிட், இயல்பான மழையாகவோ வெயிலாகவோதான் தெரியும். அங்கே விதித்த வேகத்தை மீறாதிருப்பதே நல்லது. முடிவு முக்கியமானால் அதையும் இருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.