கிறிஸ்துமஸ் வழக்கங்களும் ஒப்புமைப் போலியும்

இயேசுநாதர் பிறந்த நாளென டிசம்பர் 25-ஆம் நாளைக் கிறித்தவர் கொண்டாடுவதும், அக்காலத்தே பசுமரம் நாட்டி விளக்கேற்றுவதும், பரிசில் வழங்குவதும் பழைய பிறசமய வழிபாட்டின் எச்சங்களே என்று கூறுவார் பலர். இக்கூற்றினைப் பெரிதும் பரப்பிய நூல்களுள் ஒன்று, ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார் அலெக்சாந்தர் ஹிஸ்லப் என்பார் 1853-ல் சிறு சுவடியாக வெளியிட்டு, 1858-ல் விரித்தெழுதிய 'இரண்டு பாபிலோன்கள்' என்பதாகும். உரோமைத் திருச்சபையின் சடங்குகளெல்லாம் பாபிலோனியர் வழிபாடே என நிறுவுதல் அவர் நோக்கம். ஆகவே, இவ்வாதம் கிறித்தவத்துக்குள்ளேயே ஒரு சபையார் மற்றொரு சபையார்மீது ஏவிய படைக்கலமாம். இன்று கிறித்தவத்தை மறுக்கப் புகுவார் பலரும் அதனைக் கடனாகக் கொண்டு வழங்குகின்றனர். கடன்கொண்ட படைக்கலத்தின் உறுதி, களம் புகுமுன் ஆராயற்பாலது.

இவ்வாதத்தில் மெய்ம்மை யாதும் இல்லையோ எனின், உண்டு. மத்தேயு, லூக்கா என்னும் இருவர் நூல்களும் இயேசுநாதரின் பிறப்பை விரித்துரைப்பினும், திங்களையோ நாளையோ குறித்தில. உரோமப் பேரரசன் ஔரேலியன் 274-ல் 'வெல்லப்படாத ஞாயிறு' என்னும் தெய்வத்துக்கு உரோமாபுரியில் கோயில் எடுத்தான். 354-ஆம் ஆண்டுக்குரிய உரோம நாட்குறிப்புத் தொகுதி, டிசம்பர் 25-ஐ 'வெல்லப்படாதான் பிறந்தநாள்' எனக் காட்டுகின்றது. ஐந்தாம் நூற்றாண்டில் போப்பாண்டவராயிருந்த முதலாம் லியோ, பேதுருவின் பேராலயப் படிகளில் ஏறிய கிறித்தவர் சிலர் திரும்பி நின்று ஞாயிற்றை வணங்கியதை, இப்பிறப்புவிழாச் சொற்பொழிவொன்றிலேயே கடிந்து பேசினார். பழைய வழிபாட்டின் சுவடு மக்கள் உள்ளத்தினின்று எளிதில் அழிந்திலது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

ஆயினும், சுவடு உண்மை ஒன்று. தோற்றம் அதுவே என்பது பிறிதொன்று. மேற்கூறிய 354-ஆம் ஆண்டுத் தொகுதியே, மற்றொரு பட்டியலில் அதே நாளைக் கிறித்து பெத்லகேமில் பிறந்த நாளென்றும் குறிக்கின்றது. அப்பட்டியல் 336-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டதென்பது அறிஞர் பலர் துணிபு. எனவே, இரண்டனுள் எது முந்தியது என்பதை அத்தொகுதி கொண்டு துணிதல் இயலாது. ஔரேலியன் கோயிலை டிசம்பர் 25-ல் நிறுவினான் என்பதும் அக்காலச் சான்று நேரே கூறுவதன்று, பின்னையோர் கருதிக்கொண்டதே. அன்றியும், இயேசுநாதர் கருவுற்றதும் உயிர்நீத்ததும் மார்ச் 25-ஆம் நாளே என்னும் கொள்கை பண்டைக் கிறித்தவரிடை வழங்கிற்று. அகஸ்தீனார் தம் திரித்துவ நூலில் அதனை எடுத்தோதியுள்ளார். அந்நாளினின்று ஒன்பது திங்கள் எண்ணின் டிசம்பர் 25 தானே போதரும். இவ்விரு விளக்கங்களும் ஆராய்ச்சியாளரிடை இன்றும் வழக்கிலுள்ளன.

இனி, மெழுகுதிரியும் பாவைகளும் ஒருவர்க்கொருவர் வழங்கி, அடிமைகளும் ஆண்டையரோடு ஒப்ப விருந்துண்ட சாட்டர்னேலியா விழாவே கிறிஸ்துமஸ் என்பாரும் உளர். அவ்விழா டிசம்பர் 17-ல் தொடங்கி, நீண்ட காலத்தும் 23-ல் முடிவுற்றது. 25-ஆம் நாளை எட்டவில்லை. மாரிக்கால விருந்தும் பரிசிலும் ஒன்றினின்று மற்றொன்றுக்குப் பரவியிருத்தல் கூடும். அதுகொண்டு விழாவே அதுவென்றல் பொருந்தாது.

மரத்தைப் பற்றிய வாதமோ இன்னும் மெலிது. காகிதப் பூவும் ஆப்பிள் கனியும் தொங்கவிட்ட மரத்தை வீட்டினுள் நாட்டும் வழக்கம் 1605-ல் ஸ்திராஸ்புர்க் நகரில் இருந்தமை ஒரு குறிப்பால் அறியப்படுகின்றது. 1848-ல் விக்டோரியா அரசியார் குடும்பம் அத்தகைய மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் லண்டன் இதழொன்றில் வெளிவந்தபின் அது ஆங்கில மக்களிடை பெரிதும் பரவிற்று. ஹிஸ்லப்போ, இம்மரம் இறந்து மீண்டெழுந்த நிம்ரோது என்னும் மன்னனே என்றார். நிம்ரோது, ஆதியாகமத்தின்படி நோவாவின் கொள்ளுப்பேரன். அவன் இறந்து மீண்டான் என அந்நூல் கூறவில்லை. அவனுக்கு மனைவியென ஹிஸ்லப் கூட்டிய செமிராமிஸ், கி. மு. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விளங்கிய அசீரிய அரசி சம்முராமத்தின் நினைவினின்று எழுந்த கதைமகள். காலத்தாலும் இடத்தாலும் சேராதவற்றைப் பெயரொலியும் உருவொப்பும் கொண்டு பிணைத்தல், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததென்பதனோடு ஒக்கும். ஏது போலியாயின் துணிபு நில்லாது என்பது அளவை நூலார் யாவர்க்கும் உடன்பாடு.

ஹிஸ்லப்பைப் பின்பற்றி 1966-ல் அமெரிக்க நாட்டில் ஒரு நூல் எழுதிய ரால்ப் உட்ரோ என்பார், பின்னர் அவர் காட்டிய மேற்கோள்களை மூலநூல்களோடு ஒப்புநோக்கி, அவை நிலைபெறாமை கண்டார். நன்கு விலைபோன தம் நூலைத் தாமே நிறுத்தி, 1997-ல் அக்கொள்கையை மறுத்து மற்றொரு நூல் வெளியிட்டார். தாம் எழுதியதினும் மெய்யைப் பெரிதாக மதித்த அச்செயல் பாராட்டற்பாலது.

அற்றேல், தோற்றம் பிறசமயத்தது என்பது மெய்ப்படினும் அதனால் விளைவதென்ன? பியூரிதானியர் அக்காரணமும் காட்டியே இவ்விழாவை வெறுத்தனர். 1647-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அதனை விலக்கிற்று. 1659-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் அதனைக் கொண்டாடுவார்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தனர். அத்தண்டம் 1681-ல் நீக்கப்பட்டது, விழா நின்றது. 601-ல் போப்பாண்டவர் முதலாம் கிரிகோரியார் ஆங்கில நாட்டுக்குச் செல்லும் துறவிக்கு எழுதிய கடிதத்தில், பழைய கோயில்களை இடிக்க வேண்டா, உருவங்களை மட்டும் அகற்றித் தூய்மை செய்து வழிபாட்டுக்குக் கொள்க என்றார். கொண்ட பொருள் பழையது. கொண்டார் கருத்துப் புதியது. வணங்குவார் யாரை நினைந்து வணங்குகின்றனரோ, வழிபாடு அவர்க்கே உரியதாம்.

விளக்கும் மலரும் விருந்தும் மன்பதைக்கெல்லாம் பொது. அவற்றை முதலில் கையாண்டார் இன்னார் என்பது கொண்டு ஒரு சமயத்தை இகழப் புகின், அவ்விகழ்ச்சியினின்று தப்பும் தொன்மைச் சமயம் உலகில் ஒன்றும் இராது. எறிந்த கல் எறிந்தார் மனைமேலும் விழும். ஒரு சமயத்தோடு வாதிடக் கருதுவார், அஃது இறையைப் பற்றியும் உயிரைப் பற்றியும் உயிர் உய்யும் நெறியைப் பற்றியும் கூறுவனவற்றையே எதிர்கொள்ளுதல் வேண்டும். நாட்குறிப்பின் ஓரத்தில் நின்று பெறும் வெற்றி, வெற்றியன்று. பொய்ச்சான்றால் நாட்டிய மெய்யும் கேட்பார்க்குப் பொய்யாகவே தோன்றும் என்பதை அறிவுடையார் உள்ளத்து இருத்துவாராக.