விருந்தும் விலையும்: உணவிடும் தொழிலும் விருந்தோம்பல் மரபும்

விருந்தோம்பல் பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. சங்கப் பாடல்களிலிருந்து சான்றுகள் தொகுக்கப்படும். திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் எடுத்துக்காட்டப்படும். இறுதியில், சோறு விலைப்பொருளாகிவிட்டமையால் அப்பண்பு அருகிவிட்டது என்ற இரங்கல் இடம்பெறும். விலை புகுந்த இடத்தில் விருந்து இராது என்னும் கருத்து ஆராயப்படாமலேயே ஏற்கப்பட்டு வருகிறது. சமைத்தும் பரிமாறியும் பிழைப்போரின் உழைப்பை இக்கருத்து அறத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. ஆதலின் அதனை மீள நோக்குதல் தேவையாகிறது.

இதனை உரைத்துப் பார்க்க ஏற்றதோர் இடம் மராட்டிய மாநிலம் புனே மாவட்டத்து ரஞ்சன்காவ். புனேயிலிருந்து அகில்யாநகர் (முன்னைய அகமதுநகர்) செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ள இவ்வூர், அட்டவிநாயகத் தலங்கள் எட்டனுள் ஒன்றாகிய மகாகணபதி கோயிலால் பெயர் பெற்றது. கோயிலுக்கு அருகமைந்த பகுதியிலேயே மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பெருந்தொழிற்பேட்டையும் உள்ளது. வழிபட வரும் பயணியரும் பிழைக்க வந்த தொழிலாளரும் ஒரே சாலையில் பசியோடு வந்து இறங்கும் ஊர் இது. பயணிக்கு இடும் சோற்றை அறமென்றும் தொழிலாளிக்கு விற்கும் சோற்றை வணிகமென்றும் பிரிப்பது மரபான பார்வை. ஆயின் இருவருமே தம் மனையை நீங்கி வந்த புதியவர்கள். விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை என்பது ஈண்டு நினையத்தக்கது.

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில், அன்புடைமைக்கும் இனியவை கூறலுக்கும் இடையே வைத்தார். இல்வாழ்வானை முன்னிறுத்திப் பேசுவதால் விலை பற்றிய பேச்சு அங்கு எழவில்லை. அதனால் விலை விலக்கப்பட்டது என்று கொள்ளுதல் மிகை. அதிகாரத்தின் இறுதிக் குறள் அனிச்சத்தைச் சுட்டி விருந்தினரின் வாட்டத்தைப் பேசுகிறது. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், விருந்தோம்புவார்க்கு இன்முகம், இன்சொல், நன்றாற்றல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன என வரிசைப்படுத்துகிறார். முதலாவதான இன்முகம் இல்லாவிடின் விருந்தினர் தொலைவிலேயே வாடி நீங்குவர் என்கிறார். இங்கே அளவுகோல் கொடுப்பவனிடம் இல்லை, உண்ண வந்தவனிடம் இருக்கிறது. அவன் முகம் வாடியதா இல்லையா என்பதே வினா. இவ்வளவுகோலை இல்லத்திற்கு மட்டும் உரியதாக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. உணவுக்கடை வாசலில் தயங்கி நிற்பவனும் முதலில் பார்ப்பது முகத்தைத்தான்.

ஆனால் இலக்கிய மரபு விருந்தோம்பும் உரிமையை இல்லத்தோடு இறுகக் கட்டியது. கணவனைப் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்ததாகக் கண்ணகி கொலைக்களக் காதையில் கூறுகிறாள். பொருளும் மனையும் இருந்தும், கணவன் உடனில்லாத பெண்ணால் விருந்தோம்ப இயலவில்லை. மறுபுறம், அப்பமும் பிட்டும் விற்போராகிய கூவியரும் காழியரும் அதே காப்பியத்தின் இந்திரவிழவூர் எடுத்த காதையில் வருகின்றனர். ஆயின் நகரின் வளத்தைக் காட்டும் பட்டியலில் ஓர் உறுப்பாக மட்டுமே.

சிறுபாணாற்றுப்படை இன்னும் நுட்பமான சான்று. வழிநெடுகப் பாணர்க்கு உணவளிப்போராக நுளைமகளையும் எயிற்றியரையும் சுட்டும் நத்தத்தனார், நல்லியக்கோடனின் அவைக்கு வந்ததும் நோக்கை மாற்றிக்கொள்கிறார். அரசன் தானே நின்று ஊட்டுவது போற்றப்படுகிறது. பரிமாறப்படும் அடிசில் வீமன் இயற்றிய மடைநூலின் நெறி வழுவாதது என்று நூலுக்கும் பெருமை சேர்க்கப்படுகிறது. அந்நூலைக் கற்று அன்று அடுப்படியில் நின்ற மடையன் யார்? பாட்டில் அவனுக்கு இடமில்லை. பெரியபுராணத்திலும், விதைநெல்லை வாரி வருமாறு இளையான்குடி மாறனார்க்கு வழி சொன்னதும், இரவோடிரவாகச் சமைத்ததும் அவர் மனைவியார். சேக்கிழார் அவ்வம்மையாரின் சொல்லையும் செயலையும் விரிவாகப் பாடினார், பெயரைப் பாடவில்லை.

இம்மரபை அசைத்துப் பார்த்த தற்காலப் படைப்பு ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ (2011). உண்மை மனிதர்களை அடிப்படையாகக் கொண்ட ‘அறம்’ தொகுப்பில் இடம்பெற்ற இக்கதையில், திருவனந்தபுரத்தில் சோற்றுக்கடை நடத்தும் கெத்தேல் சாகிப் யாரிடமும் விலை கேட்பதில்லை. உண்டவர் விரும்பியதைப் பெட்டியில் இட்டுச் செல்லலாம். வறிய மாணவனொருவன் மாமி வீட்டில் அளந்து இடப்பட்ட சோற்றை உண்டு குன்றுகிறான்; கடையிலோ வயிறார உண்கிறான். உறவு இட்ட சோற்றில் கணக்கிருந்தது, கடைச் சோற்றில் இல்லை என்னும் இத்தலைகீழாக்கம் பலராலும் பாராட்டப்பட்டது. போதிய கவனம் பெறாதது வேறொன்று. சாகிபிடம் இன்முகமோ இன்சொல்லோ இல்லை. அவர் சிரிக்காதவர், அதட்டுபவர். பரிமேலழகர் வரிசையின் முதலிரண்டு படிகளும் இன்றி மூன்றாவது மட்டும் நிற்கிறது. இருந்தும் மாணவன் வாடவில்லை. எதையும் எதிர்பாராத முகம் இனிய முகமாக இருக்க வேண்டியதில்லை போலும். பின்னாளில் அவன் சீட்டுப் பணத்தைப் பெட்டியில் கொட்டியபோதும் அந்த முகம் மாறவில்லை என்பதே கதையின் உச்சம்.

எனினும் இக்கதைக்கும் ஓர் எல்லை உண்டு. கணக்கின்மையையே அறத்தின் அடையாளமாக அது உயர்த்துகிறது. கணக்கு வைத்தே தீரவேண்டியவர்களின் நிலை என்ன என்று அது கேட்கவில்லை. மாதக் கட்டணம் பெற்றுச் சோறிடும் இடத்தை மராட்டியத்தில் ‘கானாவள்’ என்பர். குடும்பத்தை ஊரில் விட்டு மும்பை நூற்பாலைகளுக்கு வந்த தொழிலாளர்க்கு இத்தகைய கானாவள்களில் சமைத்திட்ட பெண்கள், மளிகைக் கடனாலும் வட்டியாலும் நெருக்கப்பட்டவர்கள். பிரேமா புரவ் 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கி அவர்களை ஒன்றிணைத்தார். வங்கிக் கடன் கிடைக்கச் செய்தார். கணவனைச் சார்ந்து விருந்தோம்பும் பேறு பெற்ற கண்ணகியின் நிலைக்கு நேர்மாறாக, இப்பெண்களுள் பலருக்குக் குடும்பத்தைத் தாங்கியதே இச்சோறுதான். சாகிபைப் போலப் பெட்டி வைத்துவிட்டு முகம் திருப்பிக்கொள்ள அவர்களால் இயலாது. யார் எத்தனை நாள் உண்டார், யார் பாக்கி என்பது அவர்களுக்கு அரிசி விலை.

உண்பவன் பக்கமிருந்து பார்த்தால் இக்கணக்கு இழிவன்று. சாகிபின் கடையில் மாணவனை உறுத்தியதே பெட்டியில் இடக் காசில்லாத நாணம்தான். மாதக் கட்டணம் செலுத்திய தொழிலாளிக்கு அந்நாணம் இல்லை. அவன் இன்னொரு கரண்டி கேட்கிறான். குழம்பில் உப்பில்லை என்று குறையும் சொல்கிறான். ரஞ்சன்காவ் போன்ற தொழிற்பேட்டை ஊர்களில் வேலை முடிந்து நேரங்கெட்ட நேரத்தில் வருபவனுக்குச் சோற்றை மூடி வைத்திருப்பது கட்டணத்தில் எழுதப்பட்ட பணியன்று. அனிச்சக் குறளுக்கான இன்றைய உரை, மூடி வைத்த அந்தத் தட்டையும் அதனருகில் கிடக்கும் பாக்கிக் குறிப்பேட்டையும் சேர்த்தே காணவேண்டும். கூவியரும் காழியரும் பட்டியலைவிட்டு வெளிவந்து பேசும் புனைகதைகள் தமிழில் இன்னும் சிலவே.