கழிவுப் புகையில் எழும் ஜாக்கி

புகை ஜாக்கி என்பது தடித்த ரப்பர் பையும் நீண்ட குழாயும் சேர்ந்த எளிய கருவி. குழாயின் கூம்பு முனையை ஓடும் காரின் புகைக்குழாயில் செருகிப் பிடித்தால், வண்டிக்கடியில் விரித்த பை உப்பி ஒரு பக்கத்தைத் தூக்கும். ஆஸ்திரேலியாவில் சேற்றிலும் மணலிலும் ஓடும் வண்டிகளுக்காக இது விற்பனையாகிறது. இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு அடிக்கடி எடுக்கப்படும் தலைப்பும் இதுவே.

இதன் வலிமை பரப்பளவில் இருக்கிறது. மலேசியச் சாலைகளில் எங்கும் காணப்படும் மைவி கார் ஏறத்தாழ ஒரு டன் எடை கொண்டது. அதன் முன்சக்கரம் ஒன்றின் மேல் சுமார் 300 கிலோ விழும். 60 செ.மீ. விட்டமுள்ள பைக்கு அதைத் தூக்க 0.1 பார் அழுத்தம் போதும். டயரில் அடைக்கும் காற்றழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பை குவிந்து எழும்போது தொடுபரப்பு சுருங்குவதால் தேவை கொஞ்சம் கூடும். மாணவர் பலர் பைக்குப் பதில் 10 செ.மீ. விட்டமுள்ள சிலிண்டரை வைக்கிறார்கள். அதே சுமைக்கு அப்போது 3.7 பார் வேண்டும். அவ்வளவு எதிரழுத்தம் ஏறுமுன் எஞ்சின் நின்றுவிடும். வடிவமைப்பின் அடிப்படைப் பிழை இங்கேதான் நேர்கிறது.

வீணாகும் ஆற்றலை இக்கருவி மீட்கிறது என்ற வாதம் இன்னும் பலவீனமானது. பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெப்பமாகப் போவது உண்மை. ஆனால் வழி அடைபட்டதும் புகையை அழுத்தித் தள்ளுவது பிஸ்டன். அதற்கான உழைப்பு எரிபொருளிலிருந்தே வருகிறது. 300 கிலோவை 30 செ.மீ. உயர்த்தத் தேவையான வேலை சுமார் 900 ஜூல்தான். ஓரிரு துளி பெட்ரோலில் அடங்கிவிடும் ஆற்றல் அது. சேமிப்பு என்று பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

உண்மையான பயன் நிலத்தில்தான் தெரியும். பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் தோட்டப் பாதைகளில் அக்டோபர், நவம்பர் மழைக்குப் பின் ஓரமண் குழைந்து கிடக்கும். காரோடு வரும் கத்தரி ஜாக்கியின் சிறிய அடித்தட்டு அதில் புதையும்; பை சுமையைப் பரப்பிவிடும். அதே தீவின் ஜார்ஜ் டவுன் நகருக்குள் நிலைமை வேறு. தார்ச்சாலையில் கத்தரி ஜாக்கியே போதும். அடுக்குமாடி வாகன நிறுத்தங்களில் எஞ்சினை ஓடவிட்டு இதை இயக்குவது ஆபத்து: குழாய் இணைப்பில் கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தவிர, சக்கரம் மாற்றுபவர் ஓடும் எஞ்சினின் பக்கத்திலேயே குனிய வேண்டியிருக்கிறது. ஆகவே ஒருவழி வால்வு கட்டாயம். பை நிரம்பியதும் எஞ்சினை அணைக்க அதுவே உதவும். பை பக்கவாட்டில் ஆடும் என்பதால், சக்கரத்தைக் கழற்றுமுன் இரும்பு ஸ்டேண்டை முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். வெப்பம் தாங்கும் குழாயும், கூர்கல் கிழிக்காதபடி அடிவிரிப்பும் அவசியம். இவற்றைச் செலவு மிச்சமென்று விட்டுவிடும் வடிவமைப்பை ஏற்கக் கூடாது.

2024 டிசம்பரில் மலேசியக் கார் நிறுவனமான புரோட்டோன் தன் முதல் மின்கார் இ.மாஸ் 7ஐ அறிமுகப்படுத்தியது. அதில் புகைக்குழாயே கிடையாது. 12 வோல்ட் காற்றுப் பம்பை இணைத்தால் அதே பை அங்கும் எழும். நிரம்பச் சற்று நேரமாகும், நச்சுப் புகை இருக்காது.