குப்புறக் கிடந்த கல்

1911-இல் இலங்கையின் காலி நகரில், மதகு ஒன்றின் மேல் மூடியாகக் குப்புறக் கிடந்த ஒரு பலகைக் கல்லைப் புரட்டினார்கள். அடியில் மூன்று மொழிகள் இருந்தன. சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணத்தைச் சேர்ந்த அந்தக் கல்லில் பொறித்த ஆண்டு 1409.

அதன் அழகு எழுத்து ஓடும் போக்கிலேயே தொடங்குகிறது. வலப்புறம் சீனம் மேலிருந்து கீழாக இறங்குகிறது. இடப்புறம் மேலே தமிழ் இடமிருந்து வலமாக நடக்கிறது. அதன் கீழே பாரசீகம் வலமிருந்து இடமாக வருகிறது. சீனம் புத்தருக்குக் காணிக்கை வைக்கிறது. தமிழ், தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாருக்கு. பாரசீகம் அல்லாவின் பெயரால். சீனத்தில் 1000 பொன், 5000 வெள்ளி என்றால் தமிழிலும் அதே 1000, அதே 5000. பட்டும் வாசனை எண்ணெயும் அப்படியே தொடர்கின்றன. பல தேசத்தார் கூடும் துறையில் எந்தச் சாமியையும் ஒரு படி தாழ்த்தக் கூடாது என்று அறிந்தவர் எழுதிய கணக்கு இது. கல் சீனாவிலேயே செதுக்கப்பட்டு வந்தது என்பது ஆய்வாளர் கருத்து. அப்படியானால் தமிழுக்கும் அங்கே ஓர் எழுத்தர் இருந்திருக்க வேண்டும்!

கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் கல்லுக்கு மறுபிழைப்புக் கொடுக்கும் பழக்கம் காலியை விட்டுப் போகவில்லை. காலிக் கோட்டையின் பழைய வாசலைப் பாருங்கள். உள்முகத்தில் ஒல்லாந்தக் கம்பெனியின் முத்திரை: இருபுறமும் சிங்கம், உச்சியில் சேவல், கீழே 1669. வெளிமுகத்தில் ஆங்கிலேய அரசின் சின்னம். வாசல் ஒன்றுதான், நுழைகிறவருக்கு ஓர் அரசு, வெளியேறுகிறவருக்கு வேறோர் அரசு.

1755-இல் கட்டி முடித்த ஒல்லாந்தத் தேவாலயத்தில் தலையை நிமிர்த்துவதைவிடக் குனிவதே நல்லது. தரையெல்லாம் கல்லறைப் பலகைகள். பழைய இடுகாட்டுக் கற்களை 1853-இல் இங்கே கொண்டுவந்து பாவினார்கள். குலச் சின்னங்களும் மண்டையோடுகளும் புடைத்து நிற்கும் செதுக்கலை இன்று பாதங்கள் தடவிச் செல்கின்றன. தெருக்களுக்கு அடியிலோ ஒல்லாந்தர் கட்டிய செங்கல் வடிகால்கள். கடல்நீரை உள்ளே விட்டு அலசும்படி அமைத்த அந்த ஏற்பாட்டை, ஒரு காலத்தில் கொத்தளத்துக் காற்றாலை இயக்கியது.

காலியைக் காத்தது அதன் நஷ்டமும்தான். பாறைகள் நிறைந்த அந்தத் துறை கப்பல்களுக்கு எப்போதும் ஆபத்து. 1659-இல் அங்கே மூழ்கிய ‘ஆவோண்ட்ஸ்டெர்’ என்ற ஒல்லாந்தக் கப்பலை நம் காலத்தில் கடலடித் தொல்லியலாளர்கள் ஆராய்ந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழுந்ததும் பெரிய கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலியில் பணம் பெருகியிருந்தால் பழைய வீடுகளை இடித்துப் புதிது கட்டியிருப்பார்கள்.

1988-இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமையாக ஏற்றது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது வெளிநகரம் சிதைந்தது. மதிலுக்குள் இருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. பீரங்கிக்கு அஞ்சிக் கட்டிய மதில் கடலை நிறுத்தியது. மரபைக் காப்பது என்றால் கயிறு கட்டித் தள்ளி நின்று பார்ப்பது மட்டுமல்ல. மதகு மூடியாகவும், நடைதளமாகவும், மதிலாகவும் வேலை செய்துகொண்டே இருந்ததால்தான் காலியின் கற்கள் நம் காலம்வரை வந்து சேர்ந்திருக்கின்றன.