அடைப்புக்குறிக்குள் ஒடுங்கிய ஸலவாத்து

சென்ற ஆண்டு மத்ரஸாவில் ஒரு சிறுவனை எழுப்பி, தமிழில் அச்சான நபிமொழித் தொகுப்பொன்றை உரக்க வாசிக்கச் சொன்னோம். "நபி ஸல் அவர்கள் கூறியதாக ஆயிஷா ரலி அறிவிக்கிறார்கள்" என்று தங்குதடையின்றி வாசித்தான். முடித்தபின், "ஹஜ்ரத், 'ஸல்' என்பது நபியவர்களின் வாப்பா பெயரின் முதலெழுத்தா?" என்று கேட்டான். நாம் சிரிக்கவில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை இட்டு வழங்கும் நாட்டில் பிறந்த பிள்ளை வேறெவ்விதம் எண்ணும்?

சொற்சுருக்கம் நமக்குப் பகையன்று. ஹதீஸ் எழுதிய முன்னோர் 'ஹத்தஸனா' என்பதை 'ஸனா' என்றும், 'அக்பரனா' என்பதை 'அனா' என்றும் குறுக்கினர். ஓர் அறிவிப்பாளர் தொடரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுமிடத்தில் ஒரு 'ஹா' மட்டும் இட்டனர். 'கால' (கூறினார்) என்னும் சொல்லைப் பல இடங்களில் எழுதாமலே விட்டனர். ஆயினும் வாசிக்குங்கால் அதனை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்று வகுத்தனர். எழுத்தில் குறைந்தது ஓதலில் நிறைந்தது. உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதியவர்க்கு இதில் மயக்கம் நேரவில்லை.

ஸலவாத்தை மட்டும் அவர்கள் இக்கணக்கில் சேர்க்கவில்லை. ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ், ஸலவாத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவதில் சலிப்புக் கூடாது என்றும், ஓரிரு எழுத்துகளாக அதைக் குறுக்குவது குறையே என்றும் தம் 'முகத்திமா'வில் கண்டித்துள்ளார். ஸாத், லாம், ஐன், மீம் என நான்கெழுத்தாக அதை முதன்முதல் சுருக்கியவனின் கை வெட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது என்று இமாம் ஸுயூத்தி எழுதுகிறார். அச்செய்தியின் உறுதியை நாம் வற்புறுத்தவில்லை. அறிஞர் உள்ளத்தில் இருந்த வெறுப்புக்கு அது சான்று.

குறியீட்டின் விளக்கம் கைவிட்டுப் போனால் விளைவது யாது? இப்னு ஹஜர் தம் 'தக்ரீபுத் தஹ்தீப்' நூலில் 'காஃப்' எழுத்தை இப்னு மாஜாவுக்குக் குறியாக்கினார். ஸுயூத்தியின் 'அல்ஜாமிஉஸ் ஸகீர்' நூலிலோ அதே 'காஃப்' புகாரி, முஸ்லிம் ஆகிய இருவரையும் சேர்த்துக் குறிக்கும். இருவரும் தத்தம் முகவுரையில் விளக்கம் தந்துவிட்டனர். முகவுரையைப் புரட்டாத மொழிபெயர்ப்பாளரோ, இப்னு மாஜாவின் அறிவிப்பாளரை இரு ஸஹீஹ்களுக்கும் உரியவராக்கிவிடுவார். 'அல்ஜாமிஉஸ் ஸகீர்' பிரதிகளில் ஹதீஸின் தரத்தைக் காட்டும் குறிகளை நம்ப வேண்டாம், எழுதுவோர் அவற்றைத் திரித்துவிட்டனர் என்று அதன் உரையாசிரியர் முனாவியே எச்சரித்திருக்கிறார்.

இனி நம் தமிழ் நூல்களுக்கு வருவோம். ஒரே பக்கத்தில் மேலே 'ரலி', கீழே 'ரழி'. ஆணுக்கு 'அன்ஹு', பெண்ணுக்கு 'அன்ஹா', பலர்க்கு 'அன்ஹும்' என்னும் வேறுபாடு முழுதும் அந்த ஈரெழுத்தில் மறைந்துவிடுகிறது. இப்னு உமர் பெயருக்குப் பின் தந்தையாரையும் சேர்த்து 'அன்ஹுமா' என்பது மரபு. 'ரலி' என்றதும் உமர் அவர்களுக்குரிய துஆ விடுபட்டுப் போகிறது. 'அலை'யைப் பற்றி என்ன சொல்ல? 'நூஹ் அலை' என்று படிக்கும் குழந்தைக்கு வெள்ளப் பிரளயத்தின் அலையே நினைவுக்கு வரும். கணினி வந்தபின் ஸலவாத்து முழுவதையும் ஒரே அரபுச் சித்திரமாக இடுகின்றனர். அரபெழுத்துப் பயிலாத தாய்மார்க்கு அது ஒரு சிறு பூவேலை.

பக்கம் கூடும், காகித விலை தாங்காது என்று பதிப்பாளர் ஒருவர் நம்மிடம் சொன்னார். அட்டைக்கு ஆகும் பொன்வண்ணச் செலவை அவர் நினைத்துப் பார்க்கட்டும். பெரியோர்க்கான நூலில் ஒவ்வோர் இயலிலும் முதன்முறை வருமிடத்தில் முழுமையாக அச்சிட்டு, நூலின் முகப்பில் குறிவிளக்கமும் தந்தால் நாம் பொறுத்துக்கொள்வோம். சிறுவர் நூலில் சுருக்கம் அறவே கூடாது. அதுவரை, பிள்ளைகள் வீட்டில் வாசிக்கும்போது பெற்றோர் அருகிருந்து, அடைப்புக்குறி வரும் இடந்தோறும் நிறுத்தி முழுதும் சொல்ல வைக்கட்டும். அச்சிறுவனை நாம் அவ்விதமே மீண்டும் வாசிக்கச் செய்தோம். அரைப் பக்கத்துக்குக் கால்மணி நேரம் பிடித்தது.