ஒரு பாடல், பல செவிகள்: ஏரோஸ்மித் குழுவின் திரைப்பாடலும் கேட்போர் எதிர்வினையும்

ஒரு பாடலைக் கேட்போர் அனைவரும் ஒன்றையே கேட்கின்றனர் என்னும் எண்ணம் இசைப்பாடல் திறனாய்வில் பெரிதும் வினவப்படாமலேயே வழங்கி வருகிறது. புகழ்வோரும் பழிப்போரும் ஒரே பொருளின்மேல் மாறுபட்ட தீர்ப்பு வழங்குவதாகவே கொள்ளப்படுகிறது. அமெரிக்க ராக் இசைக்குழுவாகிய ஏரோஸ்மித், 1998ஆம் ஆண்டு வெளிவந்த 'ஆர்மகெடான்' திரைப்படத்திற்காகப் பாடிய 'ஐ டோன்ட் வான்ட் டு மிஸ் எ திங்' என்னும் பாடல் பெற்ற எதிர்வினைகள் இவ்வெண்ணத்தை ஐயுற வைக்கின்றன. அவ்வெதிர்வினைகளின் அடிப்படையை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

1999 மார்ச் 21 அன்று நிகழ்ந்த 71ஆவது ஆஸ்கர் விழாவில், சிறந்த பாடலுக்கான பரிந்துரைப் பட்டியலில் இப்பாடல் இடம்பெற்றிருந்தது. அதற்கு முந்தைய நாள்தான் கோல்டன் ராஸ்பெர்ரி விருதுகள் அறிவிக்கப்பெற்றன. ஆண்டின் மோசமான படங்களையும் கலைஞர்களையும் எள்ளி நகையாடும் விருதுகள் அவை. அவற்றில் மிக மோசமான பாடலுக்கான பட்டியலிலும் இப்பாடலே இருந்தது. இரண்டிலும் அது வெல்லவில்லை. ஆஸ்கர் விருது 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' படப்பாடலுக்குச் சென்றது. இதனைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. பாடலை எழுதிய டயான் வாரனின் மற்றொரு பாடலான 'ஹௌ டு ஐ லிவ்', 'கான் ஏர்' படத்தின் வாயிலாக அதற்கு முந்தைய ஆண்டில் இதே இரு பட்டியல்களிலும் இடம்பெற்றது. ஆண்டுக்கு ஆண்டு ஒருவரது எழுத்தே சிறப்புக்கும் இழிவுக்கும் ஒருசேரச் சான்றாகக் காட்டப்படுமாயின், சிக்கல் எழுத்தில் மட்டும் இல்லை என்பது தெளிவு.

வணிக வெற்றியைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 1998 செப்டம்பரில் நுழைந்த வாரத்திலேயே முதலிடம் பெற்று நான்கு வாரங்கள் அங்கு நிலைத்தது. ஆஸ்திரேலியா, ஜெர்மனி முதலிய நாடுகளிலும் முதலிடம் கிட்டியது. 1970இல் பாஸ்டனில் தோன்றிய குழுவிற்கு அப்பட்டியலில் முதலிடம் கிடைக்க இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குழுவின் நெடுநாளைய சுவைஞர் பலருக்கு மகிழ்ச்சியைக் காட்டிலும் உறுத்தலையே தந்தது இவ்வுண்மைதான். தம் குழு தன் பெயரால் எழுதிய எப்பாடலுக்கும் கிடைக்காத இடம், வேறொருவர் எழுதிக் கொடுத்த காதற்பாட்டுக்குக் கிடைத்ததே என்பது அவர்தம் மனக்குறை.

பிறர் எழுதியது என்பதே குறையாயின், அக்குறை முன்னரே எழுந்திருக்க வேண்டும். 1978இல் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' என்ற திரைப்படத்தில் நடித்த இக்குழு, அப்படத்திற்காகப் பீட்டில்ஸ் குழுவின் 'கம் டுகெதர்' பாடலைப் பாடியது. அதுவும் பிறர் பாடல். அதுவும் திரைப்படத்திற்கே பாடப்பெற்றது. எனினும் அதனைக் குழுவின் சொந்தச் சொத்தாகவே சுவைஞர் ஏற்றுக்கொண்டனர். 1987ஆம் ஆண்டுத் தொகுப்பில் டெஸ்மண்ட் சைல்டு என்னும் பாடலாசிரியர் குழுவினரோடு சேர்ந்து எழுதினார். குழுவின் மறுவாழ்வுக்குத் துணைநின்றவற்றுள் அப்பாடல்களும் அடங்கும். ஆக, அயலார் எழுதுகோல் இக்குழுவிற்குப் புதிதன்று.

மெல்ல நகர்வது, உருக்கமானது என்பது குறையாயின், 1973இல் வெளிவந்த 'ட்ரீம் ஆன்' பாடலை என் செய்வது? தாழ்ந்த குரலில் தொடங்கிப் படிப்படியாக ஏறி உச்சத்தில் அலறலாக வெடிக்கும் அப்பாடலைப் பாடகர் ஸ்டீவன் டைலரே எழுதினார். ராக் இசையின் மாண்புக்கு அது எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகிறது. 1998ஆம் ஆண்டுப் பாடலின் குரல் செல்லும் வழியும் ஏறத்தாழ அதுவே. வேறுபாடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பின்னதில் நரம்பிசைக் கருவிகளின் கூட்டொலி முன்னிற்கிறது. கிதாருக்குத் தனித்து ஒலிக்கும் நீண்ட இடம் இல்லை. ஆயினும் 'இது ராக் அன்று' என்ற கடுந்தீர்ப்புக்கு இவ்வேறுபாடு போதுமானதாகத் தோன்றவில்லை.

எஞ்சுவது யாது? எழுதியோர் பெயரில் குழுவினர் ஒருவரும் இல்லை, காதற்பாட்டு, படத்திற்கென அமைந்தது. இம்மூன்றும் ஒருங்கு சேர்ந்தபோதே எதிர்ப்பு எழுந்தது. இவற்றுள் நடுவில் நிற்பதே மற்ற இரண்டையும் குற்றமாக்கிற்று எனலாம். செலின் டியோன் போன்ற ஒரு பாடகியின் குரலையே டயான் வாரன் முதலில் மனத்தில் கொண்டிருந்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. பெண்ணொருத்தி எழுதி, பெண்குரலுக்கென எண்ணி, இளம்பெண்கள் விரும்பிக் கேட்ட பாடல் என்பதே ஆண்களை மிகுதியாகக் கொண்ட ராக் சுவைஞர் வட்டத்தின் இகழ்ச்சிக்கு மறைகாரணம். 'விலைபோய்விட்டனர்' என்ற பழிச்சொல்லுக்குள் இக்காரணம் ஒளிந்திருந்தது. பிறர் பாடலான 'கம் டுகெதர்' பெறாத பழியை இப்பாடல் பெற்றமைக்கு வேறு விளக்கம் காண்பது அரிது.

ஆர்மகெடான் இசைத்தொகுப்பே இதற்குத் துணைச்சான்றாகிறது. அதில் ஏரோஸ்மித் பாடல்கள் நான்கு உள்ளன: மேற்சுட்டிய இரண்டோடு, 1975ஆம் ஆண்டின் 'ஸ்வீட் எமோஷன்', குழுவின் வழக்கமான வன்மையோடு அமைந்த 'வாட் கைண்ட் ஆஃப் லவ் ஆர் யூ ஆன்' ஆகியன. இறுதியில் குறித்த பாடல், எழுதியோருள் குழுவினரையும் கொண்டது. சுவைஞர் வேண்டிய அனைத்தும் அதே தொகுப்பில் கிடைத்தன. இருந்தும் பேச்செல்லாம் காதற்பாட்டைப் பற்றியே இருந்தது.

யார் கூற்று?

வாசகர் தம்மோடு கொண்டுவரும் முன்னறிவும் விழைவுமே ஒரு படைப்பை அவர் எதிர்கொள்ளும் முறையை வகுக்கின்றன என்பது ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாஸ் முன்வைத்த ஏற்புக் கோட்பாட்டின் அடிப்படை. இதனை எதிர்பார்ப்பின் எல்லை என்பர். ஒரு காலத்திற்கு ஓர் எல்லை என்பது போன்ற தோற்றத்தை அவரது எழுத்து தருவதுண்டு. இப்பாடலில் ஒரே பொழுதில் பல எல்லைகள் உரசிக்கொள்கின்றன. இந்நிலையை விளக்கத் தமிழ்க் கவிதையியலின் 'கூற்று' என்னும் கருத்தாக்கம் கூடுதலாகப் பயன்படுகிறது.

அகப்பாடலில் பேசுபவர் பெயர் சுட்டப்படுவதில்லை. பேசுபவர் யார், யாரிடம் என்பதை வரையறுத்த பின்னரே பாடலின் பொருள் நிலைபெறுகிறது. ஒரே பாடலை உரையாசிரியர்கள் வெவ்வேறு கூற்றாகக் கொண்டு வெவ்வேறு பொருள் கண்டமை தமிழாய்வாளர் நன்கறிந்தது. இப்பாடலின் பனுவலிலும் பெயர் இல்லை. உறங்கும் அன்புக்குரியவரை உறங்காமல் நோக்கிக் கொண்டிருக்கும் ஒருவர் பேசுகிறார், அவ்வளவே. ஜேம்ஸ் ப்ரோலின் என்ற நடிகர், தம் துணைவியாகிய பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டைப் பிரிய நேர்வதால் உறக்கமும் தமக்கு வேண்டாததே என்ற கருத்தில் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் பேசினார். அப்பேச்சிலிருந்தே பாடலின் கரு பிறந்ததாக வாரன் கூறியுள்ளார்.

இக்கரு எளிதானதன்று. துயிலாமை பெரும்பாலும் பிரிவின் மெய்ப்பாடு. இங்கோ அது கூட்டத்தின் விளைவு. அருகிலிருக்கும்போதே பிரிவு அஞ்சப்படுகிறது, உறக்கமே பிரிவாகிறது. குறுந்தொகை 157இல் அள்ளூர் நன்முல்லையாரின் தலைவிக்குக் கோழியின் குரலும் விடியலும் தரும் நடுக்கத்தோடு இதனை ஒப்பு நோக்கலாம். ஆங்கே பிரிப்பது பொழுது, ஈங்கே பிரிப்பது கண்ணிமை. பாடலை வெறும் இனிப்பு என்று ஒதுக்கியோர் இவ்வச்சத்தைக் கேட்கத் தவறினர்.

திரைப்படமோ கூற்றை மேலும் சிக்கலாக்கியது. கதையில் புவியை நோக்கிவரும் விண்கல்லைத் தகர்க்கத் தந்தை ஒருவர் உயிரை ஈகிறார். தம் மகளின் காதலனை உயிரோடு திருப்பி அனுப்பிவிட்டுத் தாம் அங்கே தங்குகிறார். மகளாக நடித்தவர் லிவ் டைலர், பாடகர் ஸ்டீவன் டைலரின் மகள். காதலன் கூற்றாக எழுதப்பட்ட பாடல், கதைநாயகியின் உண்மைத் தந்தையின் குரலில் ஒலிக்கிறது. இது கேட்போர் சிலருக்கு நெருடலாகவும் சிலருக்கு நெகிழ்வாகவும் இருந்தது. பாடலின் காணொளி நெகிழ்வின் பக்கம் சாய்ந்தது. கட்டுப்பாட்டு அறைத் திரையைக் கண்டு மகள் கலங்கும் இடத்தில், திரையில் தெரிபவர் கதையின் தந்தையான ப்ரூஸ் வில்லிஸ் அல்லர், ஸ்டீவன் டைலரே. அக்கணத்தில் காதற்பாட்டு, விடைபெறும் தந்தையின் கூற்றாக மாறுகிறது. ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை, கூற்று மட்டுமே மாறியது. படத்தோடு சேர்த்துக் கேட்டவர் கையற்ற துயரைக் கேட்டார். படத்தை அறியாது மணவிழாவில் கேட்டவர் உவகையைக் கேட்டார். குழுவின் வரலாற்றோடு கேட்டவர் ஓர் இழப்பைக் கேட்டார். இம்மூவரும் முரண்படுகின்றனர் என்பதைவிட, மூன்று பாடல்களைக் கேட்டனர் என்பதே பொருந்தும்.

குரலும் சொல்லும்

பாடல் குறையற்றது என்பதன்று வாதம். நரம்பிசை தேவைக்கு மேல் ததும்புகிறது. கரு ஆழமானதாயினும் அதனைச் சொல்லும் தொடர்கள் தேய்ந்தவை. கூறியதே கூறலும் உண்டு. இக்குறைகளை ஈடுசெய்வது டைலரின் குரல். சொல் வழவழப்பானது, குரல் கரகரப்பானது, சில இடங்களில் கிழிந்துவிடும் எனத் தோன்றுவது. மெருகேறிய குரலொன்றில் ஒலித்திருந்தால் அச்சம் மறைந்து இனிமை மட்டுமே நின்றிருக்கும். அவ்வகையில், குழு பாடலை எழுதவில்லை என்ற குற்றச்சாட்டு பாதி உண்மையே. அச்சத்தைப் பாடலுக்குள் கொணர்ந்தது குழுவின் பாடகரே.

எழுதியவரே பாட வேண்டும், தூண்டுதல் உள்ளிருந்தே எழ வேண்டும் என்ற அளவுகோல் 1960களுக்குப் பின் ராக் இசையில் வேரூன்றியது. அதன் முன்வடிவம் ஐரோப்பியப் புனைவியல் கவிதைக் கொள்கையில் உள்ளது. புரவலர் வேண்டப் பாடிய பாணரையும் புலவரையும் போற்றும் மரபில் பயின்ற தமிழ்த் துறைகளிலும், மெட்டுக்கும் சூழலுக்கும் எழுதப்பட்டது என்பதனாலேயே திரைப்பாடலை ஆய்வுப்பொருளாக ஏற்கத் தயங்கும் போக்கு நெடுங்காலம் நிலவியது. இவ்விரு தயக்கங்களும் ஒரு வேரின.

நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசைப் பாடகர் மார்க் செஸ்னட் இதே பாடலைப் பாடி வெளியிட்டார்; 1999இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கன்ட்ரி பாடல் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. அவர் குரலில் ஆர்மகெடான் கதை இல்லை, விண்கல் இல்லை, தந்தையும் மகளும் இல்லை, இருபத்தெட்டு ஆண்டுக்கால ராக் வரலாறும் இல்லை. ஏரோஸ்மித் விலைபோனதா என்ற வினா அக்கேட்போர்க்கு எழவே இடமில்லை. அவர்கள் கேட்டது நான்காவது பாடல்.