கருப்பொருளும் முதற்பொருளும்: புதுச்சேரி மட்கலை குறித்து ஒரு திறனாய்வு

புதுச்சேரியில் 1971இல் டெபோரா சுமித்தும் ரே மீக்கரும் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் மட்கலைக்கூடத்தின் படைப்புகளில் இயற்கை பெறும் இடத்தைத் தொல்காப்பியப் பொருட்பாகுபாட்டின்வழி அணுகலாம். கலத்தின்மேல் இலையோ மீனோ தீட்டப்படின் அது கருப்பொருள். இயற்கையின் உருவத்தை மட்டுமே தருவது. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் களிமண்ணாகவும் சுடுகாலமாகவும் கலத்தினுள்ளேயே அமைகின்றன. சுமித் பயின்ற ஜப்பானியப் பிசென் மரபு இதற்குச் சான்றாகும். அம்மரபில் மெருகு பூசப்படுவதில்லை. பல நாள் எரியும் விறகின் சாம்பல் கலத்தில் படிந்து, மண்ணிலுள்ள சிலிக்காவுடன் உருகிக் கண்ணாடிப் படலமாகிறது. எனினும் அத்தீ மரத்தை உண்டே எரிகிறது. பச்சைச் செங்கல்லால் எழுப்பிய வீட்டையே சூளையாக்கிச் சுட்ட மீக்கரின் கட்டட முயற்சி இம்முரணைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆகவே, இக்கலையின் இயற்கைச் சார்பை மதிப்பிடும் திறனாய்வு, கலத்தின் அழகோடு எரிந்த விறகையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.